அளவுச் சட்டை

தீபாவளி நெருங்கினால் எங்கள் தையல் கடை வாசலில் ஒரு அட்டை தொங்கும். ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று என் வீட்டுக்காரர் தன் கையால் எழுதியது. அதைத் தொங்கவிடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கலெக்டர் கையெழுத்துப் போடுகிற தோரணை. அட்டையைப் பார்த்த பிறகும் ஆட்கள் துணியும் கையுமாக வந்து, "அண்ணே, ஒரே ஒரு பேண்ட்டுண்ணே" என்று கெஞ்சுவார்கள். அவர் முடியவே முடியாது என்பார். நான் பின்பக்கமாக வாங்கி வைத்துக்கொள்வேன். விடிய விடியத் தைப்போம்.

கடை ஏழாயிரம்பண்ணையில், பட்டாசு கம்பெனி வேன்கள் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே. ‘ஜென்ட்ஸ் டெய்லர்’ என்று போர்டு. அவர் வெட்டித் தைப்பார், நான் காஜா எடுத்துப் பட்டன் வைப்பேன். பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தால் என்ன என்று கேட்டால் முறைப்பார். சுண்ணக்கட்டி வாசமும் தேய்ப்புப் பெட்டியின் கரி வாசமும் கலந்து அந்தக் கடைக்குள் ஒரு வாசம் இருக்கும். இப்போது எங்காவது அது மூக்கில் பட்டால் போதும், வந்த வேலை மறந்துபோகிறது எனக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சாத்தூரிலும் சிவகாசியிலும் ரெடிமேட் கடைகள் பெருகின. போனஸ் வாங்கிய கையோடு ஜனம் பஸ் ஏறியது. ஒரு தீபாவளிக்கு இவர் பழைய பழக்கத்தில் அட்டையைத் தொங்கவிட்டார். கெஞ்ச ஒருத்தரும் வரவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நானே கழற்றி உள்ளே வைத்தேன். திரும்பி வந்தவர் வெறும் ஆணியைப் பார்த்தார். கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து அதில் மாட்டினார்.

அதற்குப் பிறகுதான் திருப்பூர்ப் பேச்சு வந்தது. அங்கே கம்பெனியில் தைக்க ஆள் வேண்டுமாம், பொங்கல் கழிந்ததும் போகப் போகிறாராம். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டார். எனக்குச் சம்மதமே இல்லை. அவர் அங்கே, நான் இங்கே என்று ஒரு குடித்தனமா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க திருப்பூருக்குப் போனா நான் பட்டாசு கம்பெனிக்குப் போவேன். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றேன்.

அது அவருக்கு எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். அவருடைய அக்கா பட்டாசு கம்பெனி விபத்தில் வெந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தவர். அதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். அன்றைக்கு மிஷினை இன்னும் வேகமாக மிதித்தார். பையை மட்டும் பிரிக்கவில்லை.

சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரியோடு வேனில் ஏறிவிட்டேன். எங்கள் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள், சேலை மேலே மருந்துப் பொடி படியாமலிருக்கப் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். நானும் இவருடைய சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கம்பெனி வாசலில் போர்மேன் நின்றார். என் சட்டைக் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது டெரிகாட்டன்மா. ஒரசுனா பொறி வரும். போயி பருத்தி நூல் சட்டை போட்டுட்டு வாங்க."

நான் மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்த்து இன்னும் பல பேரைத் திருப்பிவிட்டார். வருகிற வழியெல்லாம் ஒரே புலம்பல்.

"நம்ம வீட்டு ஆம்பளைக எல்லாம் இப்ப ரெடிமேடுதான போடுறாக. நூல் சட்டைக்கு எங்கன போக?"

நேரே கடைக்கு வந்து, அந்தச் சட்டையோடேயே அவர் முன்னால் நின்றேன். "போன வேகத்துல தொரத்திவிட்டுட்டாக. இப்ப சந்தோசமா?" என்று கத்தினேன். அவர் நான் போட்டிருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "எம்புட்டுப் பேர திருப்பிவிட்டாக?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் நூல் துணி வாங்கி வந்தார். திருப்பூரை ஒரு மாதம் தள்ளி வைத்தார். இது விற்கவில்லையென்றால் திருப்பூர் பஸ் நிச்சயம். சின்னது, நடுத்தரம், பெரியது என்று சட்டைகளைத் தைத்து வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டோம். வேனுக்கு நிற்கிற பெண்கள் வந்தார்கள், தொட்டார்கள், தடவிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒன்றுகூட நகரவில்லை. நாளாக ஆக எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அவர் மறுபடி அந்தப் பையைத் தூசி தட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரியை வழிமறித்தேன். "துணி சரியில்லையா, தையல் சரியில்லையா? சொல்லிட்டுப் போ."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மதினி. யாரோ ஆம்பள சட்டைய நான் எப்பிடிப் போடுறது?"

"யார் சட்டையுமில்ல. புதுச் சட்டைடி இது!"

"அதான் மதினி. எங்க வீட்டு ஆளு போட்டதில்லையே."

இதை அவரிடம் சொன்னபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொங்கிய சட்டைகளை எல்லாம் இறக்கினார். ‘ஆர்டர் எடுப்பதில்லை’ அட்டையைத் தேடி எடுத்து, பின்பக்கம் எழுதினார்: ‘நூல் சட்டை தைக்கப்படும். அளவுச் சட்டை கொண்டு வரவும்.’

முதலில் பக்கத்து வீட்டுக்காரிதான் புருஷனின் பழைய சட்டையோடு வந்தாள். அந்த அளவுக்கே நூல் துணியில் தைத்துக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய் வந்தான். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு அவள் வேனில் ஏறினாள். அவ்வளவுதான், மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். தைத்து வைத்திருந்ததையும் பிரித்து அவரவர் அளவுக்குச் சரிசெய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடையில் ஒரே துணியில் சட்டை போட்டு ஆம்பளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. ஒருத்தன் புதுச் சட்டையைக் கழற்றித் தர மாட்டேன் என்று அடம்பிடிக்க, அவன் பெண்டாட்டி அவனை வைதுகொண்டே இன்னொன்றுக்கு ஆர்டர் கொடுத்தாள்.

போர்டை மாற்றவில்லை. அவர் ஆம்பளைச் சட்டைதானே தைக்கிறார்! திருப்பூருக்கென்று எடுத்து வைத்த பையில் ஊராரின் அளவுச் சட்டைகள் நிறைந்தன. அடுத்த வருடம், தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனிகள் திறக்கிற சமயம், அட்டையைப் பழைய பக்கத்துக்குத் திருப்பிப் போட்டார். "அண்ணே, ஒண்ணே ஒண்ணுண்ணே" என்று பெண்கள் வந்து கெஞ்சினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. காஜா ஊசி கையைக் குத்தியதாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் மலைபோல் குவிந்த சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். விரல் வலி, கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

"ஊருப் பொம்பளைகளுக்கெல்லாம் தைக்கீக. கட்டுனவளுக்கு ஒண்ணு தைக்கணும்னு தோணுதா ஒங்களுக்கு?"

கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். மிஷினை நிறுத்தினார்.

"நீ அதப் போடக் கூடாதுன்னுதான ஊருக்கே தைக்கேன்" என்றார்.