முதுகு கீறுகிற தனுஷா

படம் கீறுவதற்கு முன் சுவரை உள்ளங்கையால் தட்டுகிறாள். காதை வைத்துக் கேட்கிறாள். உள்ளே பொள்ளலான சத்தம் வந்தால் அந்த இடத்தைச் சுரண்டி விழுத்திவிட்டுத்தான் பெயின்ற் பிறஸ்ஸைத் தொடுவாள். "காரை கழண்டா கீறின அமைச்சரும் சேர்ந்து விழுந்திடுவார் அண்ணை," என்பாள் என்னிடம்.

தனுஷாவுக்கு இருபத்தாறு வயது. கிழமை நாட்களில் கிளிநொச்சிச் சந்தையடியில் தையல்கடை வேலை. ஞாயிறுகளில் 'சுவர்வாய்' என்ற ஐந்து பேர் கூட்டத்தோடு தெருச் சுவர்களில் நையாண்டிப் படம். என் டயர் ஒட்டுக் கடையின் பக்கச் சுவரையும் அவர்களுக்கு விட்டிருக்கிறேன். சும்மா கிடந்தால் ரியூசன் நோட்டீஸ்தான் ஒட்டுவான்கள்.

மரம், மாடு, எழுத்து எல்லாம் மற்றவர்கள் பாடு. பெரிய மனிதர்களைக் கீறுவது இவள். அதுவும் முதுகு மட்டும். வெள்ளைச் சட்டை, மடிப்பு விழுந்த பிடரி, போகிற அவசரம். முகம் எங்கே என்று கேட்டேன்.

"முகம் வைச்சா ஒவ்வொரு தேர்தலுக்கும் மாத்திக் கீறவேணும். பெயின்ற் விக்கிற விலைக்கு ஏலாது. முதுகெண்டா எல்லாருக்கும் ஒண்டுதான்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை.

கடைசியாக என் சுவரில் கீறியது இது. அவளுடைய ஊரில் ஒரே மண்டபத்துக்கு மூன்று அரசியல்வாதிகள் மூன்று தடவை அடிக்கல் நட்டார்கள். மண்டபம் இன்னும் இல்லை. படத்தில் அந்த மூன்று கல்லையும் அடுப்பாகக் கூட்டி ஒரு மனுசி சோறு காய்ச்சுகிறாள். மேலே, தூரத்தில், மூன்று முதுகுகள் போகின்றன. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நாலாம் நாள் ஒரு கட்சிக்காரன் வந்தான். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "வெள்ளிக்கு முன்னம் சுவர் வெள்ளையாகவேணும். இல்லாட்டி அந்தப் பெட்டையின்ர தகப்பன்ர பேர் காணி லிஸ்ட்டில நிக்காதெண்டு சொல்லுங்கோ."

தகப்பன் வீரையா எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்தவர். காடு வெட்டித் திருத்திய அரை ஏக்கரில் இருக்கிறார். அதற்கு ஒரு பத்திரம் இல்லை. பத்திரம் கொடுக்கிற லிஸ்ட்டில் பேர் ஏறியதே இந்த வருசம்தான்.

அவளிடம் சொன்னேன். "அழிக்கமாட்டன் அண்ணை," என்றாள். "அப்பாட்ட சொல்லிப் போடாதேங்கோ."

அவருக்கு ஏற்கெனவே செய்தி போய்விட்டது.

வியாழன் காலை வீரையா சுண்ணாம்பு வாளியோடு வந்தார். வேலைக்குப் போகிற வழியில் தனுஷாவும் சைக்கிளை நிறுத்தினாள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. கீழிருந்து அடிக்கத் தொடங்கினார். முதலில் அடுப்புப் போனது. பிறகு சோற்றுப் பானை. அதற்கு மேல் கை எட்டவில்லை. எக்கி எக்கி அடித்தார்.

"சிரிச்சவுங்க எல்லாம் பஸ்ஸுல போயிட்டாங்க புள்ள," என்றார் சுவரைப் பார்த்தபடி. "நாமதான் அங்க குடியிருக்கணும்."

தனுஷா என் கடைக்குள் போய் ஏணியைத் தூக்கி வந்து சுவரில் சாத்தினாள்.

"மேலருந்து அடிங்கப்பா. இல்லாட்டி வடியும்."

அவர் ஏறினார். அவள் ஏணியின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்பு தலையில் சொட்டச் சொட்ட நின்றாள்.