பைப்படி மணி

நேற்று பீடோங் டவுனில் கைப்பேசி ரிப்பேர் கடையில் காத்திருந்தபோது ஈயம் உருகும் வாடை மூக்கில் ஏறியது. மனம் நேராக என் இடைநிலைப்பள்ளி நூலகத்துக்குப் போய்க் கடைசி அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டது.

அந்த அலமாரியை என்னையும் பரமேஸையும் தவிர யாரும் சீண்டியதில்லை. இருவரும் ஒரே தோட்டம், தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒரே லயம். பள்ளியில் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் புத்தகம் மட்டும் இருந்தது. பரமேஸ் அதை எடுத்துப் போய், அட்டைப்பெட்டியில் எழுத்துப் பொத்தான்களை வரைந்து பக்தியோடு தட்டிப் பழகினாள். எனக்கு மின்னணுப் புத்தகம். இரண்டு கம்பிகளைத் தண்ணீர் தொட்டால் மணி அடிக்கும் என்று அதில் ஒரு படம் இருந்தது.

லயத்துக்கே ஒரு பைப்தான். தண்ணீர் எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. அம்மா வேலை முடிந்து வந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பைப்படிக்கு அடுத்த வீடு எங்களுடையது. செத்துப்போன ரேடியோவைப் பிரித்து, ஈயம் வைத்து ஒட்டி, பைப்புக்குக் கீழே வாளியில் கம்பியைத் தொங்கவிட்டேன்.

மணி அடித்தது. அடித்த அடியில் லயமே வாளியோடு ஓடி வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் வரிசை வளைந்து நின்றது. எங்கள் முறை வந்தபோது பைப் இருமியது.

"நல்லா செஞ்சடி. ஊருக்கே மணி அடிச்சிட்டு நமக்கு ஒரு வாளி தண்ணி இல்ல," என்றார் அம்மா.

திருத்தலாம் என்றால் மின்னணுப் புத்தகம் பரமேஸிடம் போயிருந்தது. கேட்கப் போனேன்.

"மணிய எடுத்துட்டு சின்ன பல்ப் போடுலா. எரிஞ்சா எங்க வீட்டுக்கும் சொல்லணும், சரியா?"

பல்ப் சத்தமில்லாமல் எரிந்தது. இரண்டு வீட்டுப் பீப்பாய்களும் நிரம்பின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் வீட்டு அக்கா கைக்குழந்தையோடு வந்து நிற்கும்வரைதான்.

"மணி கெட்டுப் போச்சா தங்கச்சி? அது அடிக்கும்னு நம்பித்தான் பிள்ளைய தூங்க வச்சிக்கிட்டு இருந்தேன்."

அம்மா எங்கள் பீப்பாயிலிருந்து அவருக்கு இரண்டு வாளி ஊற்றிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பழைய மணியவே மாட்டு. ஓடி வர எனக்குக் காலு இருக்கு."

மாட்டினேன். அதற்குப் பிறகு அம்மா அடுப்பை அணைத்ததே இல்லை. குழம்பை என் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடினார். எத்தனை குழம்பு தீய்ந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

நூலகத்தில் இப்போது அந்த அலமாரி இல்லை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். லயத்தை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். போன தீபாவளிக்கு நானும் பரமேஸும் அந்தப் பக்கம் போனோம். எங்கள் வீடு எங்கே இருந்தது என்று அவள் ஒரு மரத்தைக் காட்டினாள், நான் வேறொன்றைக் காட்டினேன். யார் சொன்னது சரி என்று கேட்க அங்கே ஆள் இல்லை.