மு. மாசானத்தின் ஊசி அட்டை

ஏரலுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் வாழை போட்டிருக்கிறார் மாசானம். வயது அறுபத்திரண்டு. பள்ளிக்கூடத்துக்கு இரண்டே வருஷம் போனவர். பஸ் போர்டு வாசிப்பார், தன் பெயரை வாசிப்பார், அத்தோடு சரி. வாழைத்தாரை ஒரு கையால் தூக்கிப் பார்த்து அவர் எடை சொன்னால் தராசுக்காரன் மறுபேச்சுப் பேச மாட்டான். பாம்புக்குப் பயப்பட மாட்டார். ஊசிக்கு மட்டும்தான் பயம். கொரோனா ஊசி போட நர்சு விஜிலா தெருவுக்குள் வந்த மூன்று தடவையும் மனுஷன் தோட்டத்துக்குள் போய்க் குத்தவைத்துக்கொண்டார். கேட்டவர்களிடம், தண்ணீர் பாய்ச்சப் போனதாகச் சொன்னார். அதில் ஒரு நாள் நல்ல மழை.

மகன் சிவசுப்பிரமணியன் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. மாசானம் அதைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை. ஏரல் பஜாரில் இருக்கிற பாரில்தான், கூட்டாளிகள் மூன்று பேரோடு உட்கார்ந்திருக்கையில் ஒரு நாள் சொன்னார். பேரப்பிள்ளை பிறந்தால் இதே மேசையில் மூன்று பேருக்கும் தன் கையால் ஊற்றிக் கொடுப்பதாக.

பிறந்துவிட்டான் பேரன்! ஊரெல்லாம் கொரோனாவில் முடங்கிக் கிடந்த வருஷத்தில், மூன்று கிலோவுக்கு மேல், கொழுகொழுவென்று. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் விடுவது வழக்கம். மாசானம் என்றே விட்டார்கள். ஆனால் வீட்டுப் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்ல முடியாதே. மருமகள் சந்தனச்செல்விக்கு அது மாமனார் பெயர், மாமியார் முருகேஸ்வரிக்குப் புருஷன் பெயர்.

நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குப் போன இடத்தில் விஜிலா பிள்ளையின் பெயரைக் கேட்டாள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மின்விசிறியைப் பார்த்தாள். கடைசியில் முருகேஸ்வரி பைக்குள் கையை விட்டு, வீட்டுக் கரண்டு அட்டையை எடுத்து நீட்டினாள். விஜிலா சிரித்துக்கொண்டே அதில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினாள். பிள்ளையின் அட்டையில் 'மு. மாசானம்' என்று தாத்தாவின் இனிஷியலோடு பெயர் ஏறியது இப்படித்தான்.

பேரனைப் பார்க்க வந்தவர்களைக் கவனிப்பதிலேயே நாள் ஓடிவிட்டது. கூட்டாளி கொம்பையா பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகக் குடிபோகிறார் என்று தெரிந்ததும்தான் மாசானத்துக்குச் சொன்ன வாக்கு உறுத்தியது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ரயில். மத்தியானம் பார் திறந்ததும் நாலு பேரும் போய் நின்றார்கள்.

வாசலில் புதுசாக ஒரு போர்டு. ஒரு தடுப்பூசியாவது போட்டவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று கொம்பையா வாசித்துச் சொன்னார். மற்ற மூன்று பேரும் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார்கள். பார் நடத்தும் வீரபாகு மாசானத்தின் முன்னால் கையை நீட்டி நின்றான்.

"பஸ்ஸுல கேக்கானா? கல்யாண வீட்டுல கேக்கானா? இங்கன மட்டும் என்னலே?"

"பஸ்ஸுல வாயை மூடிட்டு வருவீய அண்ணாச்சி. இங்கன வாயைத் திறந்தாத்தான் வந்த வேலையே நடக்கும். ரெண்டு கிளாஸ் உள்ள போச்சுன்னா பக்கத்து ஆளு காதுக்குள்ள வாயை வச்சுல்லா பேசுதீய."

வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். குடிக்க வந்தவனிடம் டாக்டர் சீட்டுக் கேட்பது என்ன நியாயம் என்றது ஒரு கட்சி. இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு வந்தவன் போடாதவன் பக்கத்தில் ஏன் உட்கார வேண்டும் என்றது இன்னொன்று. மாசானம் முதல் கட்சிக்குத் தலைவரானார். தன் கை, தன் உடம்பு, அதில் குத்துவதும் குத்தாததும் தன் இஷ்டம் என்றார்.

"கை உங்க கைதான்," என்றான் வீரபாகு. "மேசை எல்லாருக்கும் பொது."

மாசானத்துக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. வீட்டில் ஊசி அட்டை ஒன்று இருக்கிறது. அதில் அவர் பெயர் இருக்கிறது, அவரே வாசித்திருக்கிறார். பேர் கொடுத்தவருக்கு அட்டையில் பங்கு கிடையாதா? கூட்டாளிகளை நிற்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். கால் மணி நேரத்தில் அட்டையோடு வந்து நெஞ்சை நிமிர்த்தி நீட்டினார்.

வீரபாகு பெயரைப் பார்த்தான், தலையாட்டினான். உள்ளே ஒரு காலை வைத்துவிட்டார் மாசானம். அதற்குள் அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

"அண்ணாச்சி, எடை அஞ்சு கிலோ எறநூறுன்னு போட்டிருக்கு. கொஞ்சம் மெலிஞ்சிட்டியளோ?"

பார் முழுக்கச் சிரிப்பு. போலியோ சொட்டு மருந்தும் குடித்திருக்கிறார், அதனால் அவர் கால் நன்றாக இருக்கும் என்று உள்ளேயிருந்து ஒருத்தன் சொன்னான். மாசானமும் சிரித்துப் பார்த்தார், சரியாக வரவில்லை. கொம்பையா மட்டும் சிரிக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வே, ரயிலுக்கு மூணு மணி நேரம் கெடக்கு. பள்ளிக்கூடத்துல இன்னைக்கு ஊசி முகாம். நீரு ஊத்திக் குடுக்காம நான் ஊரை விட்டுப் போவணுமா?"

வாழைக்கு எத்தனை தடவை தண்ணீர் பாய்ச்சுவது என்று மாசானத்துக்கே தோன்றியிருக்க வேண்டும். அட்டையை மடியில் செருகிக்கொண்டு நடந்தார். கூட்டாளிகள் முன்னால் ஒருவர், பின்னால் இருவராகப் போனார்கள். ஓடிவிடக் கூடாதே.

முகாமில் இருந்ததும் விஜிலாதான். அட்டைக் கதை அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. மாசானம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, போடும்போது சொல்லிவிட்டுப் போடும்படி கேட்டார்.

"போட்டு முடிச்சாச்சு தாத்தா. எந்திரிங்க."

மாசானத்தால் நம்ப முடியவில்லை. இதற்கா மழையில் நனைந்தோம் என்றிருந்தது. விஜிலா சீட்டைக் கையில் கொடுத்தபோது இன்னொன்றும் சொன்னாள். காய்ச்சல் வந்தாலும் வரும், ஆகையால் இரண்டு நாளைக்குச் சொட்டுக்கூடத் தொடக் கூடாது.

பாருக்குத் திரும்பி வந்தபோது வீரபாகு சீட்டை இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் வாசித்தான். பிறகு, அதே மேசையைத் துண்டால் துடைத்துக் கொடுத்தான். மாசானம் மூன்று கிளாசிலும் தன் கையால், ஒரு பொட்டுக் கூடக் குறையாமல் ஊற்றினார். நாலாவது கிளாசில் தனக்கு ஆரஞ்சுக் கலரை ஊற்றிக்கொண்டார். இருபது வருஷத்தில் அந்த மேசையில் அவர் கலர் குடித்தது அன்றைக்குத்தான்.

"மாசானத்துக்கு," என்று கொம்பையா கிளாசைத் தூக்கினார்.

"எந்த மாசானத்துக்கு வே?" என்று கேட்டார் மாசானம்.

"ரெண்டு பேருல மூத்த ஊசிக்காரனுக்கு."

ஊசி போட்டதில் தன் பேரன்தான் மூத்தவன் என்று கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள மாசானத்துக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் கிளாசைத் தூக்கி முட்டினார், கலர் மேசையெல்லாம் சிந்தியது.