சங்கரன்கோவிலில் ஒரு ஸ்வெட்டர்

ஒரு ஆனி மாதத்து மத்தியானம், சித்தி வீட்டு மொட்டைமாடிக் கொடியில் மெரூன் நிற ஸ்வெட்டர் ஒன்று தொங்கியது. சங்கரன்கோவிலில் ஸ்வெட்டர்! மார்கழியில்கூட ஃபேனை நிறுத்தாமல் தூங்குகிற ஊர் இது. பனிக்குப் பயந்தவர்கள் காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொள்வதோடு சரி. கடையநல்லூரில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் சொல்லி, வடக்கேயிருந்து அதை வரவழைத்திருந்தார் சித்தப்பா. கவர் வாடை போகட்டும் என்று சித்தி வெயிலில் போட்டிருந்தாள். வாடை போக வீட்டுக்குள் ஒரு ஆணி போதாதா? தெருவைப் பார்த்த கொடியில்தான் போட வேண்டுமா? எதிர்ப்புறம் எங்கள் வீட்டு மாடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஸ்வெட்டர் சித்தி மகளுக்கு. எனக்குத் தங்கச்சி முறை என்றாலும் சில மாதங்கள்தான் இளையவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.எஸ்ஸி. கணிதம் வரை இருவரும் ஒரே வகுப்பு. அவள் முதல், நான் இரண்டாவது. உருண்டு புரண்டு படித்து முதலாவது வந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் முழுக்க டி.வி. பார்த்துவிட்டு வந்து முதலாவது வருவாள். நான் பொங்கல், தீபாவளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டாவது வருவேன். "யக்கா, நீ சொல்லிக் குடுத்த கணக்குதான் வந்துச்சு" என்று வேறு வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அதில் எள்ளளவும் கேலி இருக்காது. கேலி இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

எம்.எஸ்ஸி.க்கு இருவரும்தான் எழுதிப்போட்டோம். சென்னையில் இருக்கிற பெரிய அரசுப் பல்கலைக்கழகம் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டது. டெல்லியில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகம் அவளை மட்டும் எடுத்துக்கொண்டது. சித்தப்பாவுக்கு டெல்லிதான். சித்திக்குச் சென்னைதான். "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு நான் இங்கன எப்படி உறங்குவேன்? சென்னைன்னா ராத்திரி ரயில்ல ஏறுனா விடிய இறங்கிரலாம்லா" என்பாள். அப்படி அழுதவள்தான் ஸ்வெட்டரைத் தெருக்கொடியில் போட்டதும். சித்தப்பா ஒருநாள், "சென்னைக்கு யாரு வேணாலும் போவலாம்" என்றார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அந்த 'யாரு வேணாலும்' நான்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

என் பாடு திண்டாட்டம். அவள் சென்னைக்கு வந்தால் இன்னும் இரண்டு வருஷம் அதே முதலாவது, அதே இரண்டாவது, அதே "யக்கா". டெல்லிக்குப் போனாலோ, ஊரே அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்குப் போய்விடுவாள். எந்தப் பொறாமையோடு குடித்தனம் நடத்துவது? யோசித்து யோசித்து, பக்கத்தில் இருக்கிற பொறாமையே மேல் என்று முடிவு செய்தேன். பழகிய வலி. அவள் சென்னைக்கே வரட்டும், அந்த ஸ்வெட்டர் பீரோவுக்குள் கிடந்து பூச்சி அரிக்கட்டும்.

எங்கள் ஊர்ச் சாமி ஒரு பாதி சிவனும் ஒரு பாதி விஷ்ணுவுமாக நிற்கிறவர். இரண்டில் ஒன்று என்ற தலைவலியே அவருக்குக் கிடையாது. ஆனால் சித்திக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அம்பாள் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றாள். கல்யாணம், வீடு, ஆபரேஷன் எதுவானாலும் எங்கள் பக்கம் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான். வெள்ளைப்பூ வந்தால் சென்னை, சிவப்பு வந்தால் டெல்லி. "மல்லிப்பூ வேண்டாம்மா, வாசம் காட்டிக் குடுத்துரும். ரெண்டும் அரளியா இருக்கட்டும்" என்று தங்கச்சியே பூக்கடைக்குப் போய், தாளில் மடித்து நூல் சுற்றி, இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்தாள். அர்ச்சகர் அவற்றை அம்பாள் காலடியில் வைத்து எடுத்துத் தந்தார். யாராவது சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். சித்தியோ என் பக்கம் திரும்பி, "நீயே எடு மக்களே. உன் கைராசி யாருக்கு வரும்?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோனேன். அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, சித்தி வாயாலேயே சொல்லிவிட்டாள்! கண்ணை மூடி, 'தாயே, வெள்ளை, வெள்ளை' என்று வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு. சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இவ கையிலயே வந்துட்டு. இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். மற்றதைப் பிரிக்கக் கூடாது என்று தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு போய், கோயிலுக்குள் இருக்கிற நாகசுனைக் குளத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

அவள் டெல்லிக்குப் போனாள். மார்கழியில் போட்டோ வந்தது. எதிரே நிற்கிற மரம்கூடத் தெரியாத மூடுபனியில், அந்த ஸ்வெட்டருக்குள் நின்று சிரித்தாள். நான் சென்னையில் வேர்த்து வழிந்துகொண்டு முதலாவது வந்தேன். ஆமாம், வகுப்பில் முதல். அவள் இல்லாத இடத்தில் முதலாவது வந்து என்ன பிரயோஜனம்? படிப்பை முடித்து ஊருக்கே வந்து பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானேன். அவள் அங்கேயே ஆராய்ச்சி முடித்து அங்கேயே பேராசிரியை ஆனாள். பஸ் ஸ்டாண்டில் யார் பார்த்தாலும், "தங்கச்சி டெல்லியில எப்படி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. அப்போதெல்லாம் எனக்குள் ஒன்று சொல்லிக்கொள்வேன்: போகட்டும், அனுப்பிவைத்தது என் கைதானே. இத்தனை வருஷமும் அதைச் சப்பிக்கொண்டுதான் காலத்தை ஓட்டினேன்.

இந்த வருஷம் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்திருந்தாள். சித்தி வீட்டு மாடிக்குப் போனால், கொடியில் அதே ஸ்வெட்டர். முழங்கையில் நூல் தேய்ந்து, நிறம் மங்கிப்போயிருந்தது. பேச்சுவாக்கில் பூக்கட்டிப் பார்த்ததைப் பற்றி எடுத்தேன், என் கைராசி பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லட்டுமே என்றுதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யக்கா, ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வச்சேன். எனக்கு டெல்லிதான் வேணும். அம்மா விடமாட்டான்னு தெரியும்."

"அப்பம் யாரு எடுத்தாலும் ஒண்ணுதான? என்னைய ஏன் எடுக்கச் சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? அம்மால்லா சொன்னா. 'நீ டெல்லிக்குப் போறது அவளுக்கு ஆவாது, வயித்தெரிச்சல்ல நிக்கா. அவ கையில செவப்பு வந்தா அது அம்பாள் வாக்குதான்'னா."

"எனக்கு வயித்தெரிச்சல்னு சித்திக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும்லா!" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். இப்போதும் கேலி இல்லை. பிறகு கொடியிலிருந்து ஸ்வெட்டரை உருவி மடித்து என் கையில் வைத்தாள். "இத நீ வச்சுக்கிடுக்கா. அன்னைக்கு உங்க மாடியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தியே. நானும் ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

முகத்தில் விட்டெறிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று போட்டுக்கொண்டேன். கை நீளம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மெரூன் எனக்குத்தான் எடுப்பு, அவளுக்கு அவ்வளவு இல்லை. முதுகில் வேர்வை வழிந்தது. கம்பளி கழுத்தில் அரித்தது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஏட்டி, கரண்டு போயிட்டு. கதவத் தொறந்து வையி, வேகும்" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.