மெழுகு பிரியாத பாட்டில்

மொழிபெயர்த்துப் பேசும் தொழிலில் நாக்கு மட்டும்தான் நம்முடையது. வாக்கு எப்போதும் வேறொருவருடையது. பிறர் பேச்சைச் சுமந்து மேடையேறி, இறங்கும்போது பழியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்வது புரியும். கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்றுத் திருநின்றவூரில் இருப்பவள் நான்; பல வருடமாக மேடைகளில் மொழிபெயர்ப்பதும் உண்டு. கிளேர் என்ற பிரெஞ்சு அரசியல்வாதிக்கு மூன்று முறை மொழிபெயர்த்தேன். சுற்றுச்சூழலுக்காகப் பேசுகிற கட்சி அவருடையது. மூன்று முறையும் கும்மிடிப்பூண்டிக்குத்தான் போனோம். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு படி உயர்ந்திருந்தார்.

குடிக்க வேண்டாம் என்றார்

முதல் முறை அவர் ஒரு சிறிய ஊரின் நகர்மன்ற உறுப்பினர். தேய்ந்த செருப்பும் துணிப்பையுமாக மின்சார ரயிலில் என்னோடு நின்றுகொண்டே வந்தார். தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டிய தெருவில் எஸ்தரின் வீடு. தொழிற்பேட்டை வயலாக இருந்த காலத்தில் அவள் அம்மா அங்கே நாற்று நட்டவர். எஸ்தர் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் வாளியில் இருந்தபடியே தேநீர் நிறத்துக்குத் திரும்பியது. கிளேர் வாயைப் பொத்திக்கொண்டார். நானும்தான். ஒரு ரயில் தூரத்தில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்ற அதிர்ச்சி இன்னும் தீரவில்லை.

எஸ்தருக்கு ஒரே கேள்வி. மகள் மேரிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு மீஞ்சூர் மாமியார் வீட்டிலிருந்து அவளை இங்கே அழைத்து வரலாமா? "கவருமெண்டு ஆபீசுல குடுத்துப் பாத்தோம். நல்ல தண்ணின்னாங்க. சொல்லும்போதே கேன் தண்ணியத்தான் குடிச்சிக்கினு இருந்தாங்க." கிளேர் தன் நாட்டில் பரிசோதித்து ஒரு மாதத்தில் முடிவை அனுப்புவதாகச் சொன்னார். எஸ்தர் ஒரு பாட்டிலை நிரப்பி, மூடிமேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, சிவப்பு நூலால் மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். முடிவு வரும்வரை யாரும் இதைக் குடிக்க வேண்டாம் என்றார் கிளேர். தமிழில் சொன்னேன். எஸ்தர் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இத்தக் குடிக்காத வேற இன்னாத்தக் குடிக்கிறது, டீச்சரம்மா?"

சுவரொட்டியில் கிணற்றுத் தண்ணீர்

ஒரு மாதம் போயிற்று; முடிவு வரவில்லை. மேரி மீஞ்சூரிலேயே பெற்றாள். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைக்காத தாய் என்று சம்பந்தி வீட்டில் எஸ்தர் வாங்கிய பேச்சை இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த முறை கிளேர் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். காரில் வந்தார், கூடவே கேமராக்காரர் ஒருவர். எஸ்தருக்கென்று ஒரு பரிசு கொண்டுவந்திருந்தார். அவருடைய தேர்தல் சுவரொட்டி. அதில் கிளேர் பாட்டிலை விளக்குபோல் உயர்த்திப் பிடித்திருந்தார். சிவப்பு நூல்கூடத் தெரிந்தது. பரிசோதனை என்ன ஆயிற்று என்று எஸ்தர் கேட்டாள். நடந்துகொண்டிருக்கிறது என்றார் அவர். அந்தச் சொல் ரொம்ப மொட்டையாக இருந்ததால், 'சீக்கிரமே வந்துவிடும்' என்று என் கையிலிருந்து ஒரு சொல்லைச் சேர்த்தேன். எங்கள் தொழிலில் அது திருட்டுக்குச் சமம். எஸ்தர் சுவரொட்டியை நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தாள்.

"அப்ப, எங்க ஊட்டுத் தண்ணி எலெக்சன்ல ஜெயிச்சிட்டுதுன்னு சொல்லு."

வரிசையில் ஒருத்தி

ஓய்வூதியத்துக்காக உயிரோடிருப்பதற்குச் சான்று காட்டத் திருவள்ளூருக்குப் போயிருந்தேன். கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீருக்காகத்தான். பேத்திக்கு நடை வந்துவிட்டதாம். பாட்டி வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. வரும் பேத்திக்குக் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிவிடலாம். சோறு வடிப்பதும் குளிப்பாட்டுவதும் எதில்? எஸ்தர் மட்டும் இத்தனை நாளும் அதையேதான் குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவர் கிளேர், நான் வெறும் மொழிபெயர்ப்பாளர் என்றேன். அவள் கோபப்படவில்லை. வரிசை நகர்ந்ததால் ஓரடி முன்னே வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னாள்:

"அந்தம்மா வாயத் தொறந்து இன்னா சொல்லிச்சோ எனக்கு இன்னாமா தெரியும்? என் காதுல உழுந்தது உன் கொரலுதான்."

கண்ணாடிப் பெட்டி

மூன்றாம் முறை கிளேர் மந்திரி. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் செய்ய அவர் நாட்டுக் கம்பெனி ஒன்று தொழிற்பேட்டையில் ஆலை கட்டியிருந்தது. அதைத் திறக்க வந்தார். பச்சை நாடா, பச்சைக் கம்பளம். முன்வரிசையில் விருந்தாளியாக எஸ்தர். பக்கத்தில் மேரி, மடியில் குழந்தை.

கிளேர் தன் அரசியல் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் ஒலிபெருக்கியில் தமிழாக்கிக்கொண்டே வந்தேன். 'இந்த ஊரின் கண்ணீரை எங்கே போனாலும் சுமக்கிறேன்' என்று சொல்லி ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தார். மேடை வெளிச்சத்தில் அது எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. மூடிமேல் எஸ்தர் ஊற்றிய மெழுகு அப்படியே. மூன்று முடிச்சும் அப்படியே. யாரும் அதைத் திறக்கவே இல்லை.

அத்தனை ஆண்டுத் தொழிலில் முதல்முறையாகப் பாதி வாக்கியத்தில் என் குரல் நின்றது. பரிசோதனை என்ன ஆனது என்று ரகசியமாக அவரிடமே கேட்டேன். அவர் முகத்தில் குற்ற உணர்வு துளியும் இல்லை. என் கையைத் தொட்டு, அன்போடு சொன்னார்:

"திறந்தால் அது வெறும் தண்ணீர் ஆகிவிடுமே."

ஒரு மடக்கு

அதையும் அப்படியே தமிழில் சொன்னேன், ஒலிபெருக்கியில். அதற்கு முன்னால் ஒரு வரி என் சொந்தமாய்: "எஸ்தர், இந்தத் தண்ணீரை யாருமே பரிசோதிக்கவில்லை." எஸ்தர் மேடையேறி வந்தாள். பாட்டிலை வாங்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, நகத்தால் மெழுகைச் சுரண்டி மூடியைத் திருகினாள். துருவின் வாடை எங்கள் மூவருக்கும் அடித்தது. அதை மந்திரியிடம் நீட்டினாள். "டெஸ்ட்டெல்லாம் வேணாம்மா. ஒரு மடக்கு குடி, எனக்குத் தெரிஞ்சிடும்."

ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னேன். கிளேர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடுகளை இறுக மூடிக்கொண்டு, பாட்டிலை மெல்ல மேசைமேல் வைத்தார். எஸ்தர் தலையாட்டிவிட்டு, மேடையிலிருந்தபடியே மகளைக் கூப்பிட்டாள்.

"மேரி, ரிசல்ட்டு வந்துடுச்சி. கொயந்தைய தூக்கினு மீஞ்சூருக்கே கெளம்பு."

கிளேருக்காக நான் மொழிபெயர்த்த எத்தனையோ மணி நேரப் பேச்சில், அவர் உதடு மூடிய அந்த ஒரு நொடிக்கு மட்டும்தான் நான் தேவைப்படவில்லை.