நெட்டாலுக்குப் போன நகல்

பூந்தமல்லி முகாம் பங்களாவில் எனக்குப் பத்து நாள் எழுத்து வேலை கிடைத்தது. ஆப்பிரிக்காவில் நெட்டால் தேசத்துக் கரும்புத் தோட்டங்களில் நம் கூலிகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்த்துவர சர்க்கார் ஒரு துரையை அனுப்பியது. அவர் கப்பலேறும் முன், அங்கிருந்து திரும்பியவர்களின் வாக்குமூலங்களை எழுதித் தர வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர். மகள் அங்கேயே வாழ்க்கைப்பட்டுவிட்டாள். காய்ச்சலில் கிடந்தவளைத் தோட்டத்து ஆட்கள் சவுக்கால் அடித்ததைச் சொன்னார்.

“அவ பேரு எழுதினியா நைனா? கூலி நம்பரு?”

“எழுதிட்டேன்.”

“அப்பன் பேரு, ஊரு, அல்லாம் போடு. மொட்டையா கீதுன்னா கிழிச்சிப் போட்டுடுவானுங்க.”

எங்கள் பக்கத்தில் மனு என்றால் அப்படித்தான். எல்லாவற்றையும் போட்டேன்.

மறுநாள் தலைமைக் குமாஸ்தா உறைகளில் விலாசம் எழுதச் சொன்னார். துரை தங்கப்போகும் இடங்களுக்கெல்லாம் பயணத் திட்டமும் வாக்குமூல நகலும் முன்கூட்டியே போகுமாம். மூன்றாவது உறை அதே தோட்டத்து மானேஜர் பங்களாவுக்கு. துரைக்கு அங்கே நான்கு நாள் விருந்து.

“ஐயா, இது அடிச்சவங்க கைக்கே போகுதே?”

“புகார் என்னன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? அதான் முறை. எழுதும் ஓய்.”

கடிதம் முதலில் போகும், துரை பிறகுதான் போவார். இடையில் அவளை என்ன செய்வார்கள்?

எல்லோரும் சாப்பிடப் போனதும் உறைகளில் போகும் நகல்களில் அவளைப் பற்றிய பக்கத்தை மறுபடி எழுதினேன். பேர் இல்லை, நம்பர் இல்லை, அப்பன் பேரும் ஊரும் இல்லை. ‘ஒரு பெண்’ மட்டும். துரையின் பிரதியிலாவது விட்டுவைத்திருக்கலாம். ஆனால் பிரதிகளை ஒத்துப் பார்ப்பார்களே என்ற பயத்தில் அதையும் மாற்றினேன். பழைய தாள்களை இடுப்பில் செருகிக்கொண்டேன். நடக்கும்போது அவை சரசரத்தபோதெல்லாம் உயிர் போய் வந்தது. அகப்பட்டால் ஜெயில்தான். துரை பிரதிகளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

துரை புறப்படும் நாளில் அந்தப் பெரியவர் வந்துவிட்டார்.

“துரைகிட்ட போறத ஒரு தபா படிச்சிக் காட்டு நைனா.”

தாளில் இல்லாத பேரையும் நம்பரையும் இருப்பதுபோலப் படித்தேன்.

“உங்கப்பனுக்கு மாடு ஓட்டத்தான் தெரியும். நீ இன்னாமா படிக்கிற! இனி துரை நேரா அவ ஊட்டுக்கே போயிடுவாரு, இல்ல?”

“போவார்.”

துரையின் வண்டி வாசலைக் கடந்தது. குமணன்சாவடி தாண்டுவதற்குள் ஓடிப் பிடித்து, அவள் பேரை அவர் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். பெரியவர் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கால் எழவில்லை.