கறந்த சூடு

பேத்திக்கு நாளை ஆங்கிலத் தேர்வு. ஒன்றை நம்பாமல் இருப்பதற்கும், ஒருவர் பெயரைக் கெடுப்பதற்கும் என்னென்ன சொற்கள் உண்டு என்று கேட்டாள். ஓசூரில் இந்த மூன்றாம் மாடி வீட்டில் எனக்கென்று மிச்சமிருப்பது இந்த வேலைதான். மற்ற நேரமெல்லாம் ஜன்னலருகே உட்கார்ந்து கம்பெனி பஸ்களை எண்ணுகிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஏழாவது சொல் வரவேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். "டிஸ்கிரெடிட்ட விட்டுட்டீங்க தாத்தா, அது ரெண்டுக்கும் வரும்" என்றாள். மறந்து விடவில்லை. அந்தச் சொல்லைப் படித்த நாள் நினைவுக்கு வந்ததால் நிறுத்தினேன்.

அப்போது நாங்கள் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு கிராமத்தில் இருந்தோம். அப்பா உள்ளூர்ப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். கணவரை இழந்த அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தார். வீட்டில் அவருடையது என்று சொல்ல ஒரு கறவை மாடு மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிப் பால் சங்கம். காலையில் கறந்த கையோடு, நுரை அடங்குவதற்குள் அத்தைதான் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். மற்றவர்கள் ஏரிக்கு அப்பாலிருந்து பனியில் நடந்து வருவார்கள்.

சங்கத்துக்கு அந்த மாதம்தான் பால்மானி வந்திருந்தது. கண்ணாடியாலான மெல்லிய குழாய். நல்ல பாலில் நிமிர்ந்து மிதக்கும், தண்ணீர் கலந்த பாலில் ஆழ இறங்கும். ஊரில் அதை மீட்டர் என்றார்கள். அத்தையின் பாலில் அது இறங்கியது. சங்கத்து எழுத்தர் தெலுங்கில் நீள்ளு என்றார், கன்னடத்தில் நீரு என்றார், கடைசியாகத் தமிழில் தண்ணி என்றார். வரிசையில் நின்ற யாருக்கும் புரியாமல் போக வழியில்லை. அத்தை தூக்குப்பாத்திரத்தோடு திரும்பி வந்தார். மறுநாளும் அதுவே நடந்தது. மூன்றாம் முறை திருப்பினால் உறுப்பினர் பெயரை அடித்துவிடுவார்கள். அதன்பின் ஊரில் ஒரு வீட்டில்கூடப் பாலை வாங்கமாட்டார்கள்.

அன்று மாலை அப்பா எனக்கு வழக்கம்போல் பத்துச் சொற்கள் சொல்லிக்கொடுத்தார். டவுட், சஸ்பெக்ட், டிஸ்ட்ரஸ்ட், டிஸ்பிலீவ் என்று போய், ஸ்லாண்டர், டிஃபேம் வழியாக டிஸ்கிரெடிட்டில் முடிந்தது. நான் தமிழ்ப் பொருளோடு உரக்க ஒப்பித்தேன். அடுப்பருகே இருந்த அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்பாததுக்கு இத்தன சொல்லு இருக்குதா?"

"இன்னும் இருக்கு" என்றார் அப்பா.

"நம்புறதுக்கு?"

"பிலீவ்" என்றேன் நான், முந்திக்கொண்டு.

"ஒண்ணுதானா" என்றார் அத்தை.

அப்பா புத்தகத்தை மூடினார். என்னைப் பார்த்துக்கொண்டே அத்தையிடம் கேட்டார்: "நீ நெசமா எதையும் கலக்கலையே? மீட்டரு எதுக்குப் பொய் சொல்லப் போவுது?"

அத்தை அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்து அணைத்தார்.

மறுநாள் அவர் தூக்குப்பாத்திரத்தை எடுக்கவில்லை. மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போய்ச் சங்கத்து வாசலில் கட்டினார். "இங்கயே கறக்கறேன். எல்லாரும் பாருங்க" என்றார். எழுத்தர் தந்த பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். கன்றை நான் பிடித்துக்கொண்டேன். அப்பா பள்ளிக்குப் புறப்பட்டவர், சைக்கிளைப் பிடித்தபடி கூட்டத்தின் பின்னால் நின்றார்.

கறந்து முடிந்ததும் எழுத்தர் மீட்டரை விட்டார். முன்னைவிட ஆழமாக இறங்கியது.

அத்தனை பேரும் கண்ணால் பார்த்த பால். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. ஆனாலும் கண்ணாடிக் குழாயைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"மாட்டுக்கு வாளி வாளியா தண்ணி காட்டியிருப்பா" என்றார் ஒருவர்.

"ஆமாய்யா, உள்ளயே கலந்து ஓட்டியாந்துட்டா. வாத்தியார் வூட்டு மூளை."

சிரித்தார்கள். அப்பா சைக்கிளில் ஏறினார். பள்ளி மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. எனக்கு அது தெரியும்.

சங்கத் தலைவர் தோப்பிலிருந்து வந்து சொல்லும்வரை பாலைத் தொடக்கூடாது என்றார் எழுத்தர். மார்கழிக் குளிர். பால் வாசலிலேயே இருந்தது. அத்தையும் மாட்டின் பக்கத்திலேயே நின்றார். தலைவர் சாவகாசமாக வந்து, "எங்க, என் கண்ணு முன்னால விடு" என்றார். மீட்டர் நிமிர்ந்து மிதந்தது. மறுபடியும் விட்டார்கள். மறுபடியும் மிதந்தது.

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "டிரெய்னிங்ல சொன்னாங்க தலைவரே. கறந்த சூட்டோட விடாதே, ஆறவெச்சுப் பாருன்னு. மறந்தே பூட்டன்."

"அது சரி. இந்தம்மா வூடு தூரமா இருந்திருந்தா ஒரு வம்பும் இல்ல" என்றார் தலைவர். கூட்டம் இதற்கும் சிரித்தது. அத்தையின் பாலை அளந்து ஊற்றிக்கொண்டார்கள்.

மாலையில் நான்தான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சூட்டில் பொருள்கள் விரிவதைப் பற்றி எனக்கு வெகுநேரம் விளக்கினார். சிலேட்டில் படம்கூடப் போட்டார். அத்தையிடம் எதையும் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அத்தை சங்கத்துக்குக் கடைசி ஆளாய்ப் போனார். அதற்கு முன், ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சாமல் அப்படியே கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தார்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுண்ணா."

அப்பா குடித்தார். "நல்லா இருக்கு" என்றார். அத்தை தலையாட்டிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த நாளும் டம்ளர் வந்தது. அதற்கடுத்த நாளும். அந்த மாடு வற்றும்வரை, பிறகு அதன் கன்று வளர்ந்து மாடாகிக் கறந்த காலத்திலும், ஒரு காலைகூடத் தவறவில்லை. அதே டம்ளர், அதே சொற்கள். பச்சைப் பால் அப்பாவுக்குப் பிடிக்காது. இருந்தும் வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்பார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அண்ணன் மேல் அத்தைக்கு எவ்வளவு பாசம், முதல் பாலை அவருக்குத்தானே கொடுக்கிறார் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அம்மா எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றித் தந்தார். நான் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, நல்லா இருக்கு என்று உரக்கச் சொன்னேன்.